ஃபிக்மா கற்றது வீணா?

16 செப்டம்பர் 2022, ஒரு வாசகரின் கேள்வி

அண்ணா, வெப் பக்கங்களை வரையும் ஃபிக்மாவை, போட்டோஷாப் செய்யும் அடோபி 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போகிறது என்று நேற்று செய்தி. நான் ஈரோட்டில் ஒரு சென்டரில் மூன்று மாதமாக ஃபிக்மா கற்றுக்கொண்டிருக்கிறேன். இதையும் மூடிவிடுவார்களா? பேசாமல் போட்டோஷாப்புக்கே போய்விடட்டுமா? வெப் டிசைனர் ஆக எந்த சாஃப்ட்வேர்தான் கற்க வேண்டும்?

16 செப்டம்பர் 2022, இரவு

வீணாகாது தம்பி. மூன்று மாதம் உட்கார்ந்து பழகிய கண்ணும் கையும் எங்கும் போகாது.

ஆனால் "எந்த சாஃப்ட்வேர்" என்றதும் எனக்கு 2001 ஞாபகம் வந்துவிட்டது. நானும் இதே கேள்வியோடுதான் கோவை காந்திபுரத்தில் ஒரு சென்டரின் படியேறினேன். ஆறு மாத 'மல்டிமீடியா' கோர்ஸ். பேஜ்மேக்கர், கோரல், போட்டோஷாப், டிரீம்வீவர், ஃப்ளாஷ் என்று சான்றிதழில் ஐந்து பெயரும் வரிசையாக வந்தன. அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 அந்த ஆண்டே வெளிவந்தது, அதன்பின் புதுப்பதிப்பு இல்லை. வெப் பக்கத்தில் அசையும் படம் காட்டிய ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. டிரீம்வீவரை என்னைச் சுற்றி இப்போது யாரும் திறப்பதில்லை. கோரலும் போட்டோஷாப்பும் இருக்கின்றன, ஆனால் வெப் வேலைக்கு நான் அவற்றைத் தொட்டு ஆண்டுகள் ஆகின்றன.

அந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு மதியம், ஒரு மாஸ்டர் நோட்பேடைத் திறந்து, வெப் பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைக் கையால் அடித்துக் காட்டினார். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது. இருபத்தொரு ஆண்டாக எனக்குச் சோறு போடுவது அந்த மதியம்தான்.

17 செப்டம்பர் 2022

நேற்று எழுதியதில் ஒரு கதை விட்டுப்போயிற்று.

2003-இல் என் நண்பனின் அப்பா நடத்திய அச்சகத்துக்கு நான்கு பக்கத் தளம் ஒன்று செய்துகொடுத்தேன். வெறும் எச்டிஎம்எல். 2007-இல், கை தேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில், ஒரு பள்ளிக்கு முழுத் தளத்தையும் ஃப்ளாஷில் செய்தேன். மெல்லத் திறக்கும் கதவு, பறக்கும் புறா, பின்னணியில் நாதஸ்வரம். தாளாளர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

2021 ஜனவரியில் அந்தப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பக்கம் வெள்ளையாக நிற்கிறது என்றார்கள். பள்ளியின் வரலாறு, ஆசிரியர் பட்டியல், பொன்விழா மலரின் கட்டுரைகள் எல்லாமே அந்த ஒரே கோப்புக்குள் இருந்தன. மேட்டரை வேர்டு கோப்பில் தனியாக எடுத்துவைக்கவில்லை. என் தவறு அது, வேறு யாரையும் சொல்ல முடியாது. பழைய மலரைக் கேட்டு வாங்கி மறுபடி அடிக்க வைத்தேன், பணம் வாங்கவில்லை.

அச்சகத்தின் 2003 தளம் இன்றும் திறக்கிறது. போனில்கூட. எழுத்து சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

20 செப்டம்பர் 2022

"அடோபி வாங்கினால் மூடிவிடுமா" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஃப்ரீஹேண்ட் என்று ஒரு வரைகலை மென்பொருள் இருந்தது. எழுதியது ஆல்ட்சிஸ், விற்றது ஆல்டஸ். பேஜ்மேக்கரைக் கொண்டுவந்ததும் இதே ஆல்டஸ்தான். 1994-இல் அடோபியும் ஆல்டஸும் இணைந்தபோது, அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரும் ஃப்ரீஹேண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையம் தடுத்தது. ஃப்ரீஹேண்ட் ஆல்ட்சிஸுக்கே திரும்பிப் போக வேண்டும், பத்து ஆண்டுக்கு அடோபி அதை வாங்கக் கூடாது. ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. 2005-இல் அந்த மேக்ரோமீடியாவையே அடோபி 340 கோடி டாலருக்கு வாங்கியது. 2007-இல் ஃப்ரீஹேண்டுக்கு இனிப் புதுப்பதிப்பு இல்லை என்று அறிவிப்பு. மேக்ரோமீடியாவிலிருந்து வந்த ஃபயர்வொர்க்ஸும் 2013-இல் நின்றது. வெப்புக்கென்றே செய்யப்பட்ட கருவி அது. ஒரே கோப்பில் பல பக்கம், வரைபடமும் படமும் கலந்து வேலை, கையடக்கமான பிஎன்ஜி. அதற்கு நான் இன்னும் ஏங்குகிறேன்.

ஆகவே ஃபிக்மாவுக்கும் இதேதான் நடக்கும் என்பது என் கணிப்பு. மூன்றே ஆண்டு.

என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு 2006-இல் லோகோ வரைந்தேன், பின்னால் நிறுத்தப்பட்டுவிட்ட ஒரு மென்பொருளில். 2019-இல் எம்ப்ராய்டரி மெஷினுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். என்னிடம் மூலக் கோப்பு மட்டும்தான், திறக்க வழியில்லை. விசிட்டிங் கார்டை ஸ்கேன் செய்து மேலே வரைந்தேன். இரண்டு நாள்.

21 செப்டம்பர் 2022

திருத்தம். "திறக்க வழியில்லை" என்றது தவறு. லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். போட்டேன், திறந்தது. வளைவுகள் அப்படியே இருக்கின்றன, ஓரிடத்தில் நிறச்சாயல் மட்டும் போயிருக்கிறது. பழைய கோப்பு வடிவங்களை யாரோ சிலர் உட்கார்ந்து அவிழ்த்து, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னவருக்கு நன்றி. இரண்டு நாள் உழைப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போதெல்லாம் எந்த வேலை முடிந்தாலும் மூலக் கோப்போடு வரைபடத்துக்கான ஒரு எஸ்விஜி கோப்பு, ஒரு பிடிஎஃப், மேட்டர் தனியாக ஒரு வெறும் டெக்ஸ்ட் கோப்பு. மூன்றையும் கிளையண்டுக்கே கொடுத்துவிடுகிறேன். எஸ்விஜி 2001-லிருந்து வெப்பின் பொதுத் தரம், பிடிஎஃப் 2008-லிருந்து ஐஎஸ்ஓ தரம். எந்த ஒரு நிறுவனமும் நினைத்த மாத்திரத்தில் அவற்றைப் பூட்டிவிட முடியாது.

8 நவம்பர் 2022

அச்சு நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் நிறுவனத்தின் செய்தியை இந்த வாரம் பார்த்திருப்பீர்கள். அடோபி மென்பொருள்களோடு வந்த பான்டோன் நிறப் பட்டியல்களில் பெரும்பாலானவை எடுக்கப்படுகின்றன. தனிச் சந்தா இல்லாதவர்களின் பழைய கோப்புகளில் அந்த நிறங்கள் கறுப்பாகத் தெரிகின்றன. சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கும் நண்பர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "நான் போட்ட கலரை நானே பார்க்க இன்னொருத்தனுக்குக் காசா?" பதில் தெரியவில்லை எனக்கு. நிறத்தின் எண்ணையும் அதற்கு நெருங்கிய சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை) அளவையும் நோட்டில் எழுதிவையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

14 ஜனவரி 2023

பொங்கல் விடுமுறை, நீளமாக எழுத நேரமிருக்கிறது. மென்பொருள் பேச்சுக்கு நடுவில் நான் சொல்ல நினைத்தது இதுதான்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயிகள் குழு ஒன்றுக்குப் பதிவுப் படிவம் செய்தோம். டிசைன் ஆங்கிலத்தில் முடிந்து, ஒப்புதல் வாங்கி, டெவலப்பரும் கட்டிவிட்டார். கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பு வந்தது. 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்'. பொத்தானுக்கு நான் வைத்திருந்த அகலம் 120 பிக்சல், அசையாத அகலம். ஃபிக்மாவில் கச்சிதமாக இருந்தது.

திறப்பு நாளன்று ஒரு அம்மா போனைக் கொண்டுவந்து காட்டினார். கண் தெரியாது என்று மகன் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தான். பொத்தானில் 'சமர்ப்பி' வரைக்கும் இருந்தது, மிச்சம் வெட்டுப்பட்டிருந்தது. மேலே 'ப்'பின் புள்ளியும் பாதி. "இதென்ன சாமி, அமுக்கறதா வேண்டாமா?" என்று கேட்டார். நான் வாங்கி அமுக்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நாள் முழுக்க மனசு சரியில்லை. அவருக்காகத்தான் அந்தப் படிவமே.

நம் தொழிலின் பழக்கம் இது. பக்கத்தை முதலில் படமாக வரைகிறோம். மேட்டர் வராததால் லோரம் இப்சம் போட்டு நிரப்புகிறோம். கிமு 45-இல் சிசரோ எழுதிய லத்தீன் நூலின் சிதைந்த துண்டுதான் அது. 1960-களில், எழுத்துகளைத் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களில் புழங்கி, பேஜ்மேக்கரோடு கணினிக்குள் வந்தது. லத்தீனுக்குப் புள்ளி கிடையாது, கொம்பு கிடையாது, மேல்விலங்குச் சுழி கிடையாது. அதை வைத்து அளந்த பெட்டிக்குள் தமிழைத் திணித்துவிட்டு, "தமிழ் டிசைனுக்கு ஒத்துவராது" என்கிறோம். இந்த வாக்கியத்தை நான் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நானே சொல்லியிருக்கிறேன்.

15 ஜனவரி 2023

ஒருவர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார். 'தேடு', 'பகிர்', 'அனுப்பு', 'சேமி' எல்லாம் சின்னச் சொற்கள்தானே, நீளம் தமிழின் குற்றமா, 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதியவரின் குற்றமா என்று.

சரிதான். நேற்று நானும் நீளத்தைத் தமிழின் தலையில் கட்டிவிட்டேன். பொள்ளாச்சிப் படிவத்தில் இப்போது 'அனுப்பு' என்றுதான் இருக்கிறது. அரசு விண்ணப்பத் தமிழை அப்படியே பொத்தானுக்குள் கொண்டுவரும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 'உள்நுழைக', 'பதிவிறக்குக' என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் மாற்றுச்சொல் எனக்கும் உடனே வரவில்லை. 'உள்ளே வாங்க' என்று ஒரு தளத்தில் வைத்துப் பார்த்தேன், வங்கி வேலைக்கு அது பொருந்தாது.

அகலத்தை அசையாமல் வைத்தது மட்டும் என் தவறுதான், எந்த மொழியாக இருந்தாலும்.

3 மார்ச் 2023

கிராக், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த மென்பொருள் பற்றிக் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. நான் கற்ற சென்டரில் எல்லாமே கிராக். முதல் எட்டு ஆண்டு என் மெஷினிலும் கிராக். அன்றைய சம்பளத்தில் அசல் வாங்குவது நடக்காத காரியம்.

அதனால் நடந்த தீங்கை ரொம்பத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். இலவசமாகவே கிம்ப் இருந்தது, 2003-லிருந்து இங்க்ஸ்கேப் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. விலையுயர்ந்ததே ஓசியில் கிடைக்கும்போது யார் தொடுவார்கள்? ஒரு தலைமுறையே ஒரே குடும்பத்து மென்பொருளில் கைபழகியது. 2013-இல் அடோபி மென்பொருள்களின் தொகுப்பான கிரியேட்டிவ் சூட் நின்று, இனிப் புதியதெல்லாம் சந்தாவில்தான் என்றான போது மாறிக்கொள்ள யாருக்கும் கை வரவில்லை. இங்க்ஸ்கேப்பில் தமிழ் யூனிகோடு உடையாமல் வரும், அதைக்கூட நாம் கண்டுபிடிக்கவில்லை.

இன்று அசல்தான் வைத்திருக்கிறேன். சந்தா பிடித்தம் வரும் நாளில் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன்.

29 ஜூலை 2023

தமிழ் உடைவது பற்றி, தெரியாதவர்களுக்காக.

'கொ' என்பது சேமிப்பில் க, அதன்பின் ஒகரக் குறி. திரையில் மட்டும் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். அந்தப் பிரிப்பைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்துவிடும். பக்கம் அமைக்கும் இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே பல டிடிபி கடைகளுக்குத் தெரியாது. அதனால் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள். அந்த மேட்டரை அப்படியே தளத்தில் போட்டால் குப்பை. உடனே அதைப் படமாக மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். தேடலில் வராது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிக்காது, போனில் படிக்க இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குப் பரவாயில்லை. நீர்வரத்து அறிவிப்புக்கு?

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. முன்பு விண்டோஸில் லதா ஒன்றுதான் கதி. இப்போது கூகுள் ஃபான்ட்ஸில் மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, பவனம், மீரா இனிமை என்று எத்தனை. கட்டமரனை வடிவமைத்தவர் ப்ரியா ரவிச்சந்திரன். தலைப்புக்கு நான் அதைத்தான் அதிகம் எடுப்பேன். நீண்ட கட்டுரைக்கு முக்த மலர்.

சாய்வெழுத்து வேண்டாம். தமிழுக்கு அந்த மரபில்லை, உலாவி எழுத்தைத் தானாகப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும்.

2 அக்டோபர் 2023

வெளிர்சாம்பல் எழுத்து. வெள்ளைப் பின்னணியில். ஏன்? படிக்கும் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்று 2008-லேயே தரம் வகுத்தாயிற்று. எல்லாராலும் பயன்படுத்த முடிகிறதா என்று தளங்களைப் பார்க்கும் வெப்எய்ம் அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது, அதிகம் தென்படும் குறை இதுதான். நாம் ஏசி அறையில் பெரிய மானிட்டரில் வரைகிறோம். பார்ப்பவர் மதியம் ஒரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்.

19 டிசம்பர் 2023

என் கணிப்பு பொய்த்தது. பிரிட்டன், ஐரோப்பிய ஆணையங்களின் ஒப்புதல் கிடைக்க வழி தெரியவில்லை என்று அடோபியும் ஃபிக்மாவும் நேற்று ஒப்பந்தத்தைக் கைவிட்டன. முறிவுத் தொகை 100 கோடி டாலர், அடோபி ஃபிக்மாவுக்குக் கொடுக்க வேண்டும். 1994 போல ஒரு கை குறுக்கே வந்திருக்கிறது. இதில் எனக்குச் சந்தோஷம்.

மேலே "மூன்றே ஆண்டு" என்று அடித்துச் சொன்னதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஃபிக்மாவைப் போன்ற, அடோபியின் சொந்தக் கருவியான எக்ஸ்டிதான் இந்த ஆண்டு தனியாக விற்பனைக்கு இல்லாமல் போனது. அதற்கு மாறிக்கொள்ளச் சொல்லி 2019-இல் இரண்டு பையன்களுக்கு அறிவுரை சொன்னவன் நான். அவர்கள் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

28 மார்ச் 2024

அஃபினிட்டி என்ற வரைகலை மென்பொருளைச் செய்யும் செரிஃப் நிறுவனத்தை, ஆன்லைன் டிசைன் தளமான கான்வா வாங்கியிருக்கிறது. ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்பதற்காகவே அஃபினிட்டி வாங்கியவர்கள் பதறிப்போய் எழுதுகிறீர்கள். கணிப்புச் சொல்ல மாட்டேன். கோப்புகளை இன்றே எஸ்விஜி, பிடிஎஃப் என்று எடுத்துவையுங்கள்.

20 ஜூன் 2024

சந்தாவை இடையில் நிறுத்தினால் விழும் கட்டணத்தை மறைவாக வைத்தார்கள் என்று அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குப் போட்டிருக்கிறது. தீர்ப்பு எப்படியும் வரட்டும். மாதாமாதம் கட்டுவது என்பதும், ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டு அதை மாதாமாதம் கட்டுவது என்பதும் வேறு வேறு. மாணவர்கள் பொத்தானை அழுத்துமுன் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

5 நவம்பர் 2025

அஃபினிட்டி போன வாரம் இலவசமாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் கான்வாவின் கட்டணச் சந்தா வேண்டும். இப்படி நடக்கும் என்று இங்கே ஒருவர்கூட எழுதவில்லை, நானும்தான். இலவசம் எத்தனை நாளோ. எடுத்துவைத்த எஸ்விஜியை அழித்துவிடாதீர்கள்.

9 நவம்பர் 2025

இந்த இழையைத் தொடங்கிய ஈரோட்டுத் தம்பி மூன்று ஆண்டு கழித்து எழுதியிருக்கிறார். ஒரு செய்தித் தளத்தில் வேலை, ஃபிக்மாவில்தான். "அண்ணா, தமிழ்ப் பத்தியில் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. ஆங்கிலப் பக்கத்தின் 1.3 வரி உயரத்தையே (எழுத்தளவைப்போல் 1.3 மடங்கு) கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு வைக்கலாம்?" என்று கேட்கிறார்.

1.7-இல் தொடங்குங்கள் தம்பி. 1.3-இல் மேல்வரி 'ழ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் உட்காரத்தான் செய்யும். ஃபிக்மாவில் பார்த்து முடிவு செய்யாமல் உலாவியில் பாருங்கள், பழைய மலிவான போன் ஒன்றிலும் பாருங்கள். தலைப்புக்கு 1.4 போதும். ஆனால் பெட்டி பிதுங்குவதை மறைக்கும்படி, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் யாராவது எழுதியிருந்தால் முதல் வரியின் புள்ளிகள் வெட்டுப்படும், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். சோதிக்க லோரம் வேண்டாம், நேற்றைய செய்தியையே போடுங்கள். 'ஸ்ரீவில்லிபுத்தூர்' இரண்டு வரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி ஒரு பத்தி அமைத்து, எங்கே இடிக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.